பேட்டரியை மாற்றியதும் கோட் சரியாகிவிட்டது

இரண்டு சக்கரம், பின்னால் ஒரு காஸ்டர் உருளை, முன்னால் தூரம் அளக்கும் ஒரு சென்சார். எதிரே சுவரோ பீரோவோ வந்தால் நிற்க வேண்டும், கொஞ்சம் பின்வாங்க வேண்டும், திரும்பி வேறு பக்கம் போக வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் பழகத் தொடங்கும் பலரும் முதலில் கை வைக்கிற ரோபோ இதுதான். நானும் அக்கா மகளும் சேர்ந்து இந்தக் கோடை விடுமுறையில் செய்தோம். அவள் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். நான் படித்தது பி.காம். சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதிலிருந்துதான் இருவருக்கும் தொடக்கம்.

இதற்கான செய்முறை இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. படத்தைப் பார்த்து ஒயரை மாட்டி, கோடை அப்படியே ஏற்றினால் ஓடிவிடும் என்பார்கள். ஓடவில்லை என்றால் எங்கே கை வைப்பது என்பது அந்த வீடியோக்களில் அபூர்வம். எங்கள் ரோபோ ஓடாமல் நின்ற நேரமே அதிகம் என்பதால் அந்தப் பக்கத்தைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சாமான்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினோம். இரண்டு பெண்கள் போய் ஆர்டுயினோ என்று கேட்டாலும் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. "காலேஜ் ப்ராஜெக்டா மேடம்?" என்று மட்டும் கேட்கிறார். ஆமாம் என்று சொல்லிவிடுவது நல்லது. இல்லை என்றால் விளக்க வேண்டியிருக்கிறது. ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டு (நாம் எழுதும் கோடை ஏற்றிக்கொண்டு ஓடும் குட்டிக் கணினிப் பலகை), எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் நிறத்தில் கியரோடு வரும் பிஓ மோட்டார் இரண்டு, அதற்கான சக்கரம், ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார், பிரெட்போர்டு (சால்டர் செய்யாமல் ஒயரைச் செருகிப் பார்க்கும் துளைப் பலகை), ஜம்பர் ஒயர்கள், நிறக்கோடுகளைப் பார்த்து மதிப்பைக் கண்டுபிடித்துப் பழக ஒரு கைப்பிடி அளவு ரெசிஸ்டர். இதையெல்லாம் விட முக்கியமாக ஒரு மல்டிமீட்டர். கண்டின்யூட்டியில், அதாவது ஒயர் விடாமல் இணைந்திருக்கிறதா என்று பார்க்கும் இடத்தில், வைத்தால் பீப் அடிக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணை ஒயரிலும் காதை மீட்டரிலும் வைத்துக்கொள்ளலாம். கிட் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பெரும்பாலான கிட்டில் மீட்டர் வராது. காசு குறைவு என்றால் சென்சாரைத் தள்ளிப்போடலாம், மீட்டரைத் தள்ளிப்போடக் கூடாது.

நாங்கள் வாங்கிய ஊனோ ஒரிஜினல் இல்லை. அதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் ஒரு டிசைன் கல்லூரியில் மாணவர்களுக்காகப் பிறந்தது. வடிவமைப்பைத் திறந்தே வைத்துவிட்டார்கள். பெயரையும் சின்னத்தையும் போட்டுக்கொள்ளாதவரை யார் வேண்டுமானாலும் போர்டு செய்து விற்கலாம். முக்கிய வித்தியாசம், மலிவு போர்டுகளில் பெரும்பாலும் யுஎஸ்பிக்காக சிஹெச்340 என்ற சிப் இருக்கும். பழைய விண்டோஸ் கணினியில் அதற்கு டிரைவர் மென்பொருளைத் தனியாகப் போட வேண்டும். போர்டைச் செருகியும் போர்ட் பட்டியலில் ஒன்றும் தெரியாவிட்டால் முதலில் அதைப் பாருங்கள். ஊனோவைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு வருவது பிரிண்டர் கேபிள். சிறிய போர்டுகளுக்கு வீட்டில் கிடக்கிற மொபைல் கேபிளை மாட்டுவோம், அவற்றில் சில சார்ஜ் மட்டும் ஏற்றும், உள்ளே டேட்டா கம்பியே இருக்காது.

முதல் சில நாட்கள் ரோபோவைத் தொடவே இல்லை. ஒரு எல்இடி, ஒரு 220 ஓம் ரெசிஸ்டர். சிவப்பு, சிவப்பு, பழுப்பு. ஏன் 220 என்று அவள் கேட்டாள். சிவப்பு எல்இடி தனக்கு ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், 5இல் மீதி 3 வோல்ட், அதை 220ஆல் வகுத்தால் சுமார் 14 மில்லி ஆம்பியர். ஊனோவின் ஒரு பின்னிலிருந்து (போர்டின் ஓரத்தில் ஒயர் செருகும் எண் போட்ட இடம்) 20 மில்லி ஆம்பியர் வரை எடுப்பது நல்லது, 40ஐத் தொட்டால் சிப்புக்கு ஆபத்து. இந்தக் கணக்கை நோட்டில் போட்டுவிட்டு, மீட்டரை இடையில் மாட்டி அளந்தோம். கணக்கும் மீட்டரும் கிட்டத்தட்ட ஒத்துப்போனபோது அவளுக்கு வந்த சிரிப்பு, எல்இடி எரிந்தபோதுகூட வரவில்லை.

மோட்டாரை ஏன் நேராக ஆர்டுயினோவில் மாட்டக் கூடாது என்ற கேள்விக்கும் அந்தக் கணக்கிலேயே பதில் இருந்தது. பிஓ மோட்டார் சும்மா சுற்றும்போதே பின்னின் வரம்பைத் தாண்டிவிடும், சக்கரம் தடுக்கப்பட்டு நின்றால் பல மடங்கு இழுக்கும். அதனால்தான் நடுவில் டிரைவர். ஆர்டுயினோ சைகை மட்டும் கொடுக்கிறது, கரண்ட்டைப் பேட்டரியிலிருந்து டிரைவர் எடுத்துக் கொடுக்கிறது. இரண்டுக்கும் கிரவுண்ட், அதாவது மைனஸ் பக்கம், ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அந்த ஒரு கருப்பு ஒயர் இல்லாவிட்டால் சைகைக்கு அர்த்தமே இல்லை. மோட்டார் அசையாமல் இருக்கும், அல்லது இஷ்டத்துக்குத் துடிக்கும்.

பிரெட்போர்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்து பவர் வரிசை நடுவில் துண்டாகியிருக்கும். சிவப்புக் கோடு அந்த இடத்தில் விட்டிருப்பதைப் பார்த்தால் தெரியும். கோடு விடாமல் போயும் உள்ளே துண்டாகியிருக்கலாம். மீட்டரின் இரண்டு முனையையும் வரிசையின் இரண்டு கோடியில் வைத்துப் பாருங்கள், பீப் வந்தால் சரி.

கோடில் அவளுக்குப் பயமே இல்லை. பள்ளியில் ஸ்க்ராட்ச் செய்திருக்கிறாள். பச்சைக் கொடியை அழுத்தினால் ஒருமுறை நடப்பது ஆர்டுயினோவில் செட்டப், எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் ஃபாரெவர் கட்டம்தான் லூப். இவ்வளவு சொன்னதும் பிடித்துக்கொண்டாள். எரிச்சல் எல்லாம் அரைப்புள்ளியில்தான். வரியின் கடைசியில் அரைப்புள்ளி விட்டுப்போனால் பிழைச் செய்தி பெரும்பாலும் அடுத்த வரியைத்தான் காட்டும். "சித்தி, இந்த வரியில தப்பே இல்ல!" என்று அவள் கத்தினால், மேல் வரியைப் பார் என்று நான் அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவேன்.

சரி, மோட்டாருக்கு வருவோம். சேஸிஸில், அதாவது ரோபோவின் அடித்தட்டில், மோட்டார்களைத் திருகி, டிரைவரை மாட்டி, சக்கரம் தரையில் படாதபடி ஒரு டப்பாவின் மேல் வைத்து ஓட்டினோம். யுஎஸ்பி கேபிளும் மாட்டியிருந்தது. முன்னால், பின்னால், இடது, வலது, எல்லாம் கச்சிதம். கேபிளைக் கழற்றித் தரையில் வைத்தோம். ஒரு துடி துடித்தது, நின்றது. மறுபடி ஒரு துடி, நின்றது. போர்டில் 13ஆம் பின்னோடு இணைந்த சின்ன விளக்கு ஒவ்வொரு துடிப்புக்கும் மினுக்கியது.

இந்த இடத்தில் யாருக்கும் முதல் சந்தேகம் கோடின் மேல்தான் விழும். கேபிளோடு ஓடுகிறது, தரையில் ஓடவில்லை, ஆக ஏதோ ஒரு வரி சரியில்லை என்று தோன்றும். அவள் உடனே லேப்டாப்பை இழுத்தாள். அந்த நேரத்தில் கோடைத் தொடாமல் இருப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கிலேயே கஷ்டமான காரியம் என்று நினைக்கிறேன். ஓடிக்கொண்டிருந்த கோட் கேபிளைக் கழற்றியதால் கெட்டுப்போக வழியில்லை. மாறியது இரண்டே விஷயம்: மின்சாரம் வரும் வழி மாறியது, சக்கரத்தின் மேல் பாரம் ஏறியது.

செட்டப் பகுதியில் அந்த 13ஆம் பின் விளக்கை ஒருமுறை மினுக்கச் சொல்லி அவள் ஏற்கெனவே ஒரு வரி போட்டிருந்தாள். அது திரும்பத் திரும்ப மினுக்குகிறது என்றால் ஆர்டுயினோ திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறது என்று பொருள். இப்படி ஒரு அடையாள மினுக்கலை எல்லா கோடிலும் வைத்துவிடுங்கள். செலவில்லாத வைத்தியர் அது.

கிட்களில் சதுரமான 9 வோல்ட் பேட்டரிக்கு ஒரு கிளிப் வரும், அதைத்தான் மாட்டியிருந்தோம். மீட்டரில் வைத்தால் 9 வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது. "பேட்டரி நல்லாத்தானே சித்தி இருக்கு?" என்றாள். வேலை செய்யாமல் சும்மா இருக்கும் பேட்டரியை அளந்தால் அது பாரம் தாங்குமா என்று தெரியாது. மோட்டார் ஓடும்போது அளக்க வேண்டும். மலிவு மீட்டர் ஒரு நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் அளக்கும், கண நேரச் சரிவு அதில் பிடிபடாது. அதனால் யுஎஸ்பியை மறுபடி மாட்டி, போர்டை உயிரோடு வைத்துக்கொண்டு, மோட்டார் ஓடும்போது சக்கரத்தை விரலால் லேசாக அழுத்திப் பிடித்தோம். பேட்டரியின் இரண்டு முனையில் மீட்டர். 9இல் இருந்தது சறுக்கி 5க்குப் பக்கத்தில் வந்து நின்றது. விரலை எடுத்தால் ஏறுகிறது, வைத்தால் இறங்குகிறது. அவள் அதையே விளையாட்டாகக் கொஞ்ச நேரம் செய்துகொண்டிருந்தாள்.

அந்தச் சதுர பேட்டரி குறுகிய வாய் கொண்ட குடம். உள்ளே இருப்பது கொஞ்சம்தான், அதையும் வேகமாகக் கவிழ்க்க முடியாது. மல்டிமீட்டர் போன்றவற்றுக்கு மெல்ல மெல்லக் கொடுக்க ஆன பேட்டரியை மோட்டாருக்கு மாட்டினால் பேட்டரியின் உள்தடையிலேயே வோல்ட் தின்றுபோய்விடும். கேபிள் மாட்டியிருந்தவரை ஆர்டுயினோ கணினியிலிருந்து 5 வோல்ட் எடுத்துக்கொண்டது. கழற்றியதும் அதுவும் மோட்டாரும் ஒரே பேட்டரியில் பங்குக்கு வந்தன. வோல்ட்டைச் சீராக்கும் போர்டின் ரெகுலேட்டருக்கு 5 வோல்ட் வெளியே தர 7 வோல்ட்டாவது உள்ளே வேண்டும். உள்ளே வருவதே 5, மீட்டரில் பிடிபடாத கண நேரச் சரிவில் அதைவிடக் குறைவு என்றால் சிப்புக்குப் போதாது. ஊனோவின் சிப் 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ரீசெட் ஆனதும் மோட்டார் நிற்கும், பாரம் இறங்கும், வோல்ட் ஏறும், சிப் விழிக்கும், மோட்டாரை ஓட்டும், மறுபடி விழும். நாங்கள் பார்த்த துடி துடிப்பு இந்தச் சுற்றுதான்.

இதோடு எல்298என் தன் பங்குக்கும் வரி வசூலிக்கும். அது பழைய பாணி டிரான்சிஸ்டர்களால் ஆன சிப். மோட்டாருக்குப் போவதற்குள் 2 வோல்ட் அளவுக்கு உள்ளேயே சூடாகிக் கரைந்துவிடும். மேலே அவ்வளவு பெரிய கருப்பு ஹீட் சிங்க் வைத்திருப்பது அதனால்தான். டிபி6612 என்ற புதுவகை டிரைவரில் இந்த இழப்பு மிகக் குறைவு. அடுத்த ரோபோவுக்கு அதைத்தான் வாங்குவேன். ஆனால் எல்298என் அடி தாங்கும், ஸ்குரூ டெர்மினல் உண்டு, ஒயரைச் சீவி நேராகத் திருகிவிடலாம். முதல் ரோபோவுக்கு அந்த வசதி பெரிது.

மருந்து, 18650 லித்தியம் செல் இரண்டு, தொடராக. ஒவ்வொன்றும் 3.7 வோல்ட், முழுதாக ஏறியிருந்தால் 4.2. ஆக 7.4 முதல் 8.4 வரை. செல் வாங்கும்போது உறையில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். 9900 மில்லி ஆம்பியர் ஹவர் என்று அச்சடித்து விற்கிறார்கள். இந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிகளே 3500 பக்கம்தான் எட்டுகின்றன. லித்தியம் செல்லை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அவளிடம் கண்டிப்பாகவே சொன்னேன்: ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும், சால்டரிங் அயர்னை நேராக அதில் வைக்கக் கூடாது, சார்ஜ் ஏற்ற அதற்கான சார்ஜர் மட்டும், மீட்டரில் ஒரு செல் 3 வோல்ட்டை நெருங்கினால் ஓட்டம் அன்றைக்கு முடிந்தது. ஹோல்டருக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்சையும் வைத்தோம்.

செல்லைப் போட்டோம், சுவிட்சைத் தட்டினோம், ஹாலைத் தாண்டிப் போய்விட்டது. கோடில் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை.

அப்புறம் சால்டரிங். மோட்டாரின் தாமிர நாக்குகளில் 104 என்று எழுதிய சின்ன செராமிக் கெப்பாசிட்டரை, அதாவது 0.1 மைக்ரோஃபாரட், குறுக்கே பற்றவைத்தோம். மோட்டாரின் பிரஷ் உரசும்போது எழும் இரைச்சல் சென்சார் ஒயர்களுக்குப் போகாமல் அது அங்கேயே விழுங்கும். 25 வாட் அயர்ன் போதும். அயர்னைத் தகட்டில் வைத்து, தகடு சூடானதும் ஈயக் கம்பியைத் தகட்டில் தொட வேண்டும், அயர்னில் அல்ல. ஈயம் தானாகப் பரவினால் நல்ல பற்று. உருண்டையாக நின்றால் பற்றவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதில் காரீயம் இருக்கிறது.

நேராகப் போகச் சொன்னால் இடது பக்கம் இழுத்தது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பிஓ மோட்டார்கூட ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. மோட்டார் டிரைவரில் இஎன்ஏ, இஎன்பி என்ற பின்களின் மேல் இருக்கும் இரண்டு ஜம்பர் மூடியையும் எடுத்துவிட்டு, அந்தப் பின்களை ஊனோவின் பிடபிள்யூஎம் பின்களோடு (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுப்பவை) இணைத்தால் வேகத்தை 0 முதல் 255 வரை கொடுக்கலாம். எங்களுடையதில் இடது 200 என்றால் வலது 185 சுமாராக நேர்கோடு. தரையின் டைல்ஸ் கோட்டை வைத்துப் பார்த்தோம். 90க்குக் கீழே கொடுத்தால் மோட்டார் 'ஊம்' என்று முனகிக்கொண்டு நிற்கிறது, சுற்றுவதில்லை. பேட்டரி இறங்க இறங்க இந்த எண்கள் எல்லாம் கொஞ்சம் நகரும், முழு நேர்கோட்டுக்கு ஆசைப்பட வேண்டாம்.

சென்சார் எனக்கு மிகவும் பிடித்த சாமான். 10 மைக்ரோ நொடி ஒரு சைகை கொடுத்தால் 40 கிலோஹெர்ட்ஸில் எட்டு துடிப்பு ஒலியை அனுப்பும். நம் காதுக்குக் கேட்காது. எதிரொலி வர எடுத்த மைக்ரோ நொடிகளை 58ஆல் வகுத்தால் சென்டிமீட்டர். அந்த 58 எங்கிருந்து வந்தது? 20 டிகிரியில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 29 மைக்ரோ நொடி, போய்வர 58. நம் ஊர்க் கோடையில் 38 டிகிரி இருக்கும்போது ஒலி 354 மீட்டர் போகிறது. 20 சென்டிமீட்டரில் அது 6 மில்லிமீட்டர் பிசகு. சுவரில் முட்டாமல் இருக்க இந்தத் துல்லியம் போதும், அதனால் 58ஐ அப்படியே விட்டோம்.

ஏமாற்றியது வேறு. எதிரொலியே வராவிட்டால் நேரம் அளக்கும் பல்ஸ்இன் கட்டளை காத்திருந்துவிட்டு 0 என்று சொல்லும். தூரம் 20க்குக் குறைவென்றால் நில் என்று எழுதிய கோடுக்கு 0ம் குறைவுதான். அதனால் எதிரே ஒன்றுமே இல்லாத கூடத்தில் எங்கள் ரோபோ திடுக்கிட்டு நின்று பின்வாங்கியது. காத்திருக்கும் நேரத்தை 25 ஆயிரம் மைக்ரோ நொடிக்குக் குறைத்து, 0 வந்தால் வழி காலி என்று எழுதினோம். ஆனால் சென்சார் ஒயர் கழன்றாலும் 0தான் வரும், அப்போது ரோபோ துணிந்து சுவரில் போய் மோதும். எது நல்லது? தொடர்ந்து பல முறை 0 வந்தால் நின்றுவிடு என்று இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வைத்தோம். ஒவ்வொரு அளவீட்டுக்கும் இடையே 60 மில்லி நொடி விட்டு, மூன்று அளவீட்டின் நடு மதிப்பை எடுத்தோம். சராசரி எடுத்தால் ஒரே ஒரு பொய் அளவு மொத்தத்தையும் கெடுத்துவிடுகிறது.

பீரோவை நேருக்கு நேர் கண்டுபிடிக்கும், சாய்வாகப் போனால் ஒலி வேறு பக்கம் தெறித்துப்போய்ப் பீரோவே இல்லை என்று நினைக்கும். கதவுத் திரைச்சீலை ஒலியைக் குடித்துவிடும். அதற்கு மருந்தாக, சென்சாரை ஒரு எஸ்ஜி90 சர்வோவின் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்) மேல் ஏற்றி இடமும் வலமும் பார்க்க வைக்கலாம் என்று அவள் சொன்னாள்.

சர்வோ போட்டதும் மோட்டார் வேகக் கட்டுப்பாடு போய்விட்டது. அனுபவசாலிகள் ஆகிவிட்ட திமிரில் இருவரும் மீட்டரைத் தூக்கினோம். பேட்டரி சரி, கிரவுண்ட் சரி, ஒயர் எல்லாம் பீப். இந்த முறை கோள் உண்மையிலேயே கோடில் இருந்தது: ஊனோவில் சர்வோ லைப்ரரியைச் சேர்த்தால் 9, 10 பின்களில் பிடபிள்யூஎம் வேலை செய்யாது. சர்வோவுக்கும் அந்தப் பின்களுக்கும் உள்ளே ஒரே டைமர். எங்கள் இஎன்ஏ, இஎன்பி ஒயர்கள் அந்த இரண்டில்தான் இருந்தன. 5, 6க்கு மாற்றினோம், கோடில் இரண்டு எண் மாறியது. மீட்டர் எங்களைக் கைவிட்டது என்று சொல்ல மாட்டேன். மின்சாரத்தில் கோளாறில்லை என்று உறுதியாகத் தெரிந்ததால்தான் கோடில் நம்பித் தேட முடிந்தது.

இப்போது அவள் 'இவ்வளவு நேரம் சும்மா நில்' என்னும் டிலே கட்டளைகளை எடுத்துவிட்டு, ஓடிய நேரத்தைச் சொல்லும் மில்லிஸ் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறாள். டிலேயில் நிற்கும்போது ரோபோ எதையும் பார்ப்பதில்லை, பின்வாங்கும் அரை நொடியில் பாட்டியின் முக்காலியில் இடித்துக்கொள்கிறது. திருப்பம் சீராக இருக்க சக்கரத்தில் துளைத் தகடு மாட்டிச் சுற்றுகளை எண்ண வேண்டும் என்பது அடுத்த திட்டம். தகடும் அதற்கான சென்சாரும் வாங்கியாகிவிட்டது. சென்சார் 3.3 வோல்ட்டிலா 5 வோல்ட்டிலா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டப் போகிறோம்.